ராண்டல் எழுதிய கடிதம்

ஜேம்ஸ் வாட்சனின் ‘டபுள் ஹெலிக்ஸ்’ (1968) இன்னைக்கும் விறுவிறுன்னு ஓடுகிற புத்தகம்தான். ஆனா ஒரு ஆய்வுக்குழு ஏன் உடையுதுன்னு தெரிஞ்சுக்க அதைப் படிச்சா ஏமாந்துபோவோம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டிஎன்ஏ வேலை இழுபறியானதற்கு ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் சுபாவமே காரணம் என்பது போலக் கதை போகிறது. மாரிஸ் வில்கின்ஸுக்கு உதவியாளராக இருக்க மறுத்தாராம், டிஎன்ஏ தனக்கே தரப்பட்ட வேலை என்றாராம்.

தரப்பட்டதுதானே! ஆய்வகத் தலைவர் ஜான் ராண்டல் 1950 டிசம்பரில் அவருக்கு எழுதிய கடிதத்தில், எக்ஸ்-ரே சோதனைகளை இப்போதைக்கு அவரும் மாணவர் காஸ்லிங்கும் மட்டும் செய்வார்கள் என்றே இருக்கிறது. அதுவரை காஸ்லிங்கோடு அதைச் செய்துவந்தவர் வில்கின்ஸ். அவருக்கு இந்தக் கடிதம் பல வருஷம் கழிச்சுத்தான் தெரியவந்தது. ஒரே மாட்யூலுக்கு ரெண்டு ஓனர், ரெண்டு பேருக்கும் அது தெரியாது. இதுல யார் சுபாவத்தைக் குத்தம் சொல்றது?

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆட்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தவர் ராண்டல். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனா சண்டை முத்தினதும் நடந்த பாகப்பிரிவினை இன்னும் மோசம். டிஎன்ஏ இழை உலர்வாக இருந்தால் ‘ஏ’ வடிவம், ஈரத்தில் ‘பி’. ‘ஏ’வும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அருமையான மாதிரியும் ஃபிராங்க்ளினுக்கு. ‘பி’ வில்கின்ஸுக்கு, ஆனா அவரிடம் மிஞ்சிய மாதிரி உருப்படியான படமே தரவில்லை. சுருள் பளிச்சென்று தெரிவதோ ‘பி’யில்!

கேம்பிரிட்ஜில் என்ன நடந்தது பாருங்க. 1953 பிப்ரவரியில் வாட்சன் பாடப்புத்தகத்தில் இருந்த குவானைன், தைமின் வடிவங்களை வச்சு ஜோடி சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே அறையில் உட்கார்ந்திருந்த ஜெர்ரி டோனஹ்யூ, பாடப்புத்தகமே தப்பு, ஹைட்ரஜன் அணு இருக்க வேண்டிய இடம் வேறன்னு சொன்னார். அவர் படிகவியல்காரர், வேதியியல் அத்துப்படி. வாட்சன் பறவைகளில் ஆரம்பிச்ச உயிரியல்காரர். வாட்சன் இதை மறைக்கவில்லை, நேர்மையாகவே எழுதியிருக்கிறார். கிங்ஸில் ஃபிராங்க்ளினுக்கு இப்படிப் பக்கத்து மேசைக்காரர் யாரும் அமையலை.

பின்னுரையில், ஃபிராங்க்ளினைப் பற்றிய தன் ஆரம்ப எண்ணங்கள் பலவும் தவறு என்று வாட்சன் ஒத்துக்கொள்கிறார். அதுக்குள்ள நாம முழுப் புத்தகத்தையும் ‘ரோசி’யோடு கழிச்சாச்சு. 1958-இலேயே இறந்துவிட்டவர் பதில் சொல்லவும் வழியில்லை.

‘கூட வேலை செய்ய முடியாத’ அந்தப் பெண்மணி 1953 மார்ச்சில் பர்க்பெக் கல்லூரிக்குப் போய், புகையிலை மொசைக் வைரஸில் ஒரு சின்னக் குழுவையே நடத்தினார். அவரோடு சேர்ந்து உழைத்த இயற்பியல்காரர் ஆரன் க்ளுக் 1982-இல் வேதியியல் நோபல் வாங்கினார்.