அரை வாற்று நாதம்

கண்டியின் ஹந்தானைச் சரிவில் அமைந்த ஒரு வீட்டின் சிறிய அறையில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் திருப்தியாகச் செவிமடுப்பதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று யாரேனும் வினவினால், அரை வாற்றே போதும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பெட்டியின் முகப்பில் நூற்றுக்கணக்கான வாற்றுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கும் இக்காலத்தில் இக்கூற்று பலருக்கு வியப்பளிக்கலாமாயினும், வீட்டு மேசையிலேயே நான்கு திரான்சிற்றர்களைக் கொண்டு நான் அமைத்து, நாள்தோறும் கேட்டுவரும் விரியலாக்கியே இதற்குப் பிரத்தியட்சச் சான்று. நம் செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும் என்பது இயற்கையின் நியதி. ஆகவே ஐந்து வாற்றுக் கருவி அரை வாற்றுக் கருவியைவிட இரு மடங்கு உரத்துக் கேட்குமேயன்றி அதற்கு மேல் இல்லை.

1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்த பின்னர் வந்த, ஜெர்மானியத் திரான்சிற்றர்களைக் கொண்ட பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றின் ஒலிப் பகுதியில் இரண்டு சிறு மின்மாற்றிகள் இருந்தன. இன்று அவற்றைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. ஒன்றுக்கொன்று எதிரான இயல்புடைய பிடி 139, பிடி 140 என்னும் இணை, அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றுமாக ஏற்று, 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றின் வழியே 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே இயக்கிவிடுகின்றது. முன்னே நிற்கும் பிசி 557, பிசி 547 என்னும் இரண்டும், வெளியீட்டு மையத்தை 9 வோல்ற்றின் சரிபாதியான 4.5 வோல்ற்றில் நிறுத்துகின்றன.

இக்கருவியின் குணமும் குற்றமும் அந்த இணை சந்திக்கும் இடத்திலேயே தங்கியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். சிலிக்கன் திரான்சிற்றர் ஒவ்வொன்றும் விழித்தெழுவதற்கு ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டுமாதலால், இடையில் 1.2 வோல்ற்று அளவுக்கு இரண்டுமே உறங்கும் ஓர் இடைவெளி ஏற்படுகின்றது. நாதஸ்வரம் உரத்து முழங்கும்போது இது அவ்வளவாகப் புலப்படாது; வீணையின் நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் கட்டத்திலோ அது சரசரத்துச் சிதறிவிடும். இரண்டு இருவாயிகளையும், அவற்றோடு தொடராக ஒரு சிறு மாறுந்தடையியையும் இட்டு அவ்விடைவெளியை நிரப்புதல் வேண்டும். இணையின் காலி (எமிற்றர்) முனை ஒவ்வொன்றிலும் உள்ள 1 ஓம் தடையியின் குறுக்கே 5 மில்லிவோல்ற்று காட்டும்வரை மாறுந்தடையியைப் பையத் திருப்பினால், இணையினூடே 5 மில்லி அம்பியர் ஓய்வோட்டம் பாய்வதாகக் கொள்ளலாம். அந்தக் கணத்திலேயே வீணை சுத்தமடைவதைக் காது உணர்ந்துகொள்ளும். வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் அந்த 0.6 வோல்ற்றில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறைவதால், இருவாயிகளைத் திரான்சிற்றர்களின் உடலோடு ஒட்டவைப்பது மிக அவசியம். இல்லையேல் சூடு ஓட்டத்தையும் ஓட்டம் சூட்டையும் வளர்த்துத் திரான்சிற்றரையே அழித்துவிடும்.

எல்எம் 386 என்னும் ஒற்றைத் துண்டை வாங்கிப் பொருத்தினால் இவ்வளவு பிரயாசை இல்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குள் நடப்பதை நாம் காணவும் இயலாது, பழுதுற்ற ஒரு பாகத்தை மாத்திரம் மாற்றவும் இயலாது. பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு நான்கு திரான்சிற்றர் வழியையே நான் மனமாரச் சிபாரிசு செய்வேன்.

குறைகளையும் கூறவேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்தே கேட்கின்றது. அதற்குக் காரணம் சுற்றன்று, மூன்றங்குல ஒலிபெருக்கியே. அதை மரப்பெட்டியில் அடைத்தவுடன் பேச்சும் பாட்டும் நிறைவடைந்தன. சிறிய 9 வோல்ற்று மின்கலம் தளர்ந்தால் அதன் அகத்தடை மிகுந்து, கருவி தானாகவே 'டப் டப்' என்று துடிக்கத் தொடங்கும்; 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை வழங்கலின் குறுக்கே இட்டால் அது பெரும்பாலும் அடங்கும். ஆயினும் 1.5 வோல்ற்று மின்கலங்கள் ஆறைத் தொடராக இணைப்பதே உத்தமம். சித்திரையிலும் ஐப்பசியிலும் கண்டியில் பின்னேரந்தோறும் இடி முழங்கும் நாட்களில் 230 வோல்ற்று வழங்கலிலிருந்து சாதனங்களையெல்லாம் கழற்றிவைக்க நேர்கின்றது. அவ்வேளையிலும் இவ்விரியலாக்கி மாலைச் செய்தியைத் தடையின்றி ஒலிக்கச்செய்யும்.