பிளேஸ்டேஷன் 5: இப்போதா, அடுத்த மாடலிலா?

பிளேஸ்டேஷன் 5 இந்தியக் கடைகளுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது. டிஸ்க் டிரைவ் உள்ள மாடலின் விலை 49,990 ரூபாய். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இரண்டிலும் 5,000 ரூபாய் ஏறியது. உடலைச் சிறிதாக்கிய ஸ்லிம் மாடல் 2023 நவம்பரில் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்து, 2024 ஏப்ரல் 5 அன்று இந்தியாவை எட்டியது. விலை அதே 54,990, அதே 44,990. முதல் மாடலை விட்டுவிட்டு ஸ்லிம்முக்காகப் பொறுத்திருந்தவர், மூன்று ஆண்டு விளையாடாமல் இருந்ததோடு 5,000 ரூபாய் கூடுதலாகவும் கொடுத்தார். கன்சோல் வாங்குவதைத் தள்ளிப்போட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

காத்திருந்தால் விலை இறங்கும் என்ற நம்பிக்கை பிளேஸ்டேஷன் 2 காலத்தில் உருவானது. அந்தக் காலத்துக்கு அது பொருந்தவும் செய்தது. 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த அந்தக் கன்சோல் 2002இல் 199 டாலர், 2006இல் 129, 2009இல் 99 என்று இறங்கிக்கொண்டே போனது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கேம் சென்டர்களில் மணிக்கணக்கு வாடகைக்கு ஓடி ஒரு தலைமுறையையே பழக்கியதும் அதுதான். விலை இறங்கியதற்குக் காரணம் சிப். உற்பத்தி நுட்பம் முன்னேற முன்னேற, முதலில் தனித்தனியாக இருந்த மையச் செயலியும் படச் செயலியும் ஒரே சிப்பாகச் சுருங்கின. சிப் சுருங்கினால் ஒரே சிலிக்கான் தகட்டில் அதிக எண்ணிக்கை தேறும், சூடு குறையும், விசிறியும் பெட்டியும் சிறிதாகும், கப்பல் கூலிகூடக் குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாங்குபவர் கைக்கும் வந்தது.

அந்த வாய்க்காலில் இப்போது தண்ணீர் குறைவு. பிளேஸ்டேஷன் 5இன் சிப் 2022இல் 7 நானோமீட்டரிலிருந்து 6 நானோமீட்டருக்கு மாறியது. மின்செலவும் சூடும் சற்றுக் குறைந்தன, விலை குறையவில்லை. நுண்ணிய சிப் தயாரிக்கும் செலவே ஏறிக்கொண்டிருப்பதால், சுருங்கியதன் லாபம் தொழிற்சாலையிலேயே கரைந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்தக் கன்சோலின் விலை மேலும் 50 டாலர் ஏறியது. சந்தைக்கு வந்து ஐந்தாம் ஆண்டில் ஒரு கன்சோல் விலை ஏறுவது பிளேஸ்டேஷன் 2 பார்த்தவர்களுக்கு நம்பச் சிரமமான செய்தி. இந்தியாவில் வரி குறைந்தது, அதுவும் பிளேஸ்டேஷன் 5 வருவதற்கு முன்பே: 2019 ஜனவரி 1 முதல் கன்சோல்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மற்றபடி உள்ளவை தீபாவளி, ஓணக் காலத் தள்ளுபடிகள்.

ஸ்லிம்மைக் கையில் எடுத்ததும் தெரியும் வேறுபாடு எடை. முதல் மாடல் 4.5 கிலோ, டிஸ்க் டிரைவோடு சேர்த்து ஸ்லிம் 3.2 கிலோ. உயரம் 390 மில்லிமீட்டரிலிருந்து 358 ஆகவும், ஆழம் 260இலிருந்து 216 ஆகவும் குறைந்திருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளின் சுவர் அலமாரியில் முதல் மாடலை நுழைப்பதே பெரும்பாடு, ஸ்லிம் நுழைந்துவிடும். அப்போதும் பின்புறம் தாராளமாக இடம் விட வேண்டும், வெப்பம் முழுவதும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. முன்பக்கம் ஒரு யுஎஸ்பி-ஏ, ஒரு யுஎஸ்பி-சி இருந்த இடத்தில் இப்போது இரண்டுமே யுஎஸ்பி-சி. பழைய பென் டிரைவைச் செருகக் கன்சோலின் முதுகுப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. சேமிப்பிடம் 825 ஜிபியிலிருந்து ஒரு டெராபைட் ஆனது. கேம்களுக்கு மிஞ்சுவது சுமார் 667 ஜிபிக்குப் பதில் சுமார் 848 ஜிபி. பெரிய கேம் ஒன்று 100 ஜிபி பிடிக்கும் என்பதால் இது ஒன்றிரண்டு கேம் கூடுதலாக வைக்கும் இடம். முதல் மாடலிலும் எம்.2 வகை எஸ்எஸ்டி செருகும் குழி இருக்கிறது. இடப்பற்றாக்குறைக்காக மட்டும் கன்சோலை மாற்றத் தேவையில்லை.

இரண்டையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றி ஓட்டினால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் படாது, ஏனெனில் எட்டு கோர் செயலியும் 16 ஜிபி நினைவகமும் படச் செயலியின் திறனும் அப்படியேதான் இருக்கின்றன. கன்ட்ரோலரும் மாறவில்லை. அதன் குச்சிகள் உரசித் தேயும் பொட்டென்ஷியோமீட்டர் வகையைச் சேர்ந்தவை. தேய்ந்தபின் விரல் படாமலே திரையில் ஆள் நடக்கத் தொடங்கும். கேம் பிரியர்கள் ‘டிரிஃப்ட்’ என்று நொந்துகொள்ளும் இந்தக் குறையை ஸ்லிம் தீர்க்கவில்லை.

ஸ்லிம்மின் உண்மையான புதுமை கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ். டிஜிட்டல் மாடலை வாங்கியவர் பின்னாளில் டிரைவைத் தனியாக வாங்கி, கீழ்த் தகட்டைக் கழற்றிப் பொருத்திக்கொள்ள முடியும். முதல் தடவை மட்டும் அதற்கு இணைய இணைப்பு வேண்டும். 2024இல் ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஜிட்டலுக்கும் டிஸ்க் மாடலுக்கும் விலை வேறுபாடு 10,000 ரூபாய். புது கேம் டிஸ்க் ஒன்று 4,999 ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்ததும் 2,000 ரூபாய்க்குக் கைமாற்றினால் ஐந்து டிஸ்க்கில் அந்த வேறுபாடு அடைபடும். டவுன்லோடு செய்த கேமை விற்க வழியில்லை. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். இடையில் கரண்டு போனால் இன்னும் நீளும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நண்பர்களுக்குள் டிஸ்க் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு டிஸ்க் மாடலே சரி.

திருத்திய மாடல் எப்போதும் கூட்டிக் கொடுக்காது. சத்தமில்லாமல் கழிக்கவும் செய்யும். பிளேஸ்டேஷன் 2 ஸ்லிம்மில் ஹார்ட் டிஸ்க் வைக்கும் இடம் போனது. 2009இன் பிளேஸ்டேஷன் 3 ஸ்லிம்மில் லினக்ஸ் நிறுவும் வசதி இல்லை. 2016இன் பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம்மில் ஒலிக்கான ஆப்டிகல் துளையை எடுத்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்மை நிமிர்த்தி வைக்கும் தாங்கியைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் மாடலில் அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. 2025இல் ஐரோப்பாவுக்கு வந்த டிஜிட்டல் மாடலின் சேமிப்பிடம் ஒரு டெராபைட்டிலிருந்து மறுபடி 825 ஜிபிக்கு இறங்கிவிட்டது. நாஞ்சில் நாட்டு நெல்வயலில் கன்னிப்பூப் போகம் அறுத்தால் கும்பப்பூப் போகம் வரும். திருத்த மாடல்களுக்கும் ஏறக்குறைய மூன்றாண்டு என்றொரு பருவம் இருக்கத்தான் செய்கிறது. வயலில் என்ன விதைத்திருக்கிறது என்று விவசாயிக்குத் தெரியும், கன்சோலில் அறிவிப்பு வரும்வரை யாருக்கும் தெரியாது.

காத்திருந்தவர் ஜெயித்த இடங்களும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360இன் தொடக்கக் கால மாடல்கள் சூடேறி, முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோயின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கான வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2019இல் ஆரவாரமின்றித் திருத்தப்பட்டது: விலை அதே, தோற்றம் அதே, ஆனால் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் நின்ற பேட்டரி, நாலரை முதல் ஒன்பது மணி நேரம் நின்றது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. புதிய தலைமுறைக் கன்சோலின் முதல் ஓராண்டு, இரண்டாண்டுச் சரக்கில்தான் இத்தகைய பெருங்குறைகள் ஒளிந்திருக்கும். பிளேஸ்டேஷன் 5 அந்த வயதைத் தாண்டிவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாங்குபவருக்கு இங்குள்ள காற்று, ஆலையின் திருத்தங்களைவிட முக்கியம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே உப்புக்காற்றின் வேலை புரியும். கன்சோல் ஓடும்போதெல்லாம் விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் இது. ஆண்டில் பல மாதங்கள் ஈரம் குறையாது. முதல் மாடலோ ஸ்லிம்மோ, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது. வாரக்கணக்கில் போட்டு வைப்பதைவிட அவ்வப்போது ஓட்டுவது ஈரத்தை விரட்டும். பக்கத் தகடுகளைக் கழற்றி விசிறித் தூசியை உறிஞ்சி எடுப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. அதற்கு மேல் போகக் கூடாது: சிப்பின் மேல் வழக்கமான பேஸ்டுக்குப் பதில் மின்சாரம் கடத்தும் திரவ உலோகம் இருக்கிறது. ‘பேஸ்ட் மாத்தித் தாரேன்’ என்று சொல்லும் பழுதுக்கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால், சிந்திய ஒரு சொட்டே போர்டைக் கெடுத்துவிடும்.

கரண்டு அடுத்த கவலை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போவது இங்கே புதிதல்ல. ஓடும்போது நின்றால், மறுபடி போடும்போது சேமிப்பகத்தைச் சரிபார்க்கும் திரை வரும். பெரும்பாலும் கேடு இருக்காது, ஆனால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின் ஆடியதெல்லாம் போய்விடும். கனமான கேமில் கன்சோல் சுமார் 200 வாட் இழுக்கிறது. டிவியையும் சேர்த்தால் 300 வாட். சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இது பெரிய பாரமில்லை. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போடாமலிருப்பதே மேல். நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாத மின் கணக்கில் கன்சோல் மட்டும் 36 யூனிட் சேர்க்கும். தமிழ்நாடு அரசு 2016இல் அறிவித்த இலவச 100 யூனிட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இம்மாவட்டத்தில் கன்சோல் வந்துசேரும் வழி இரண்டு. ஒன்று கடை, மற்றது, வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ லீவுக்கு வரும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும் பெட்டி. அங்கே திருத்திய மாடல் முன்னதாகக் கிடைத்துவிடும் என்பதால், காத்திருக்கும் கணக்கு இந்த வீடுகளுக்கு வேறு. மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை, கன்சோல் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பிளக் மட்டும் மாற வேண்டும். கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஆனால் டிஸ்க்கோடு சேரும் கூடுதல் பகுதிகளை வாங்கும்போது கணக்கின் நாடும் டிஸ்க்கின் நாடும் ஒத்துப்போக வேண்டும். 2016ஆம் ஆண்டுப் பயணப்பெட்டி விதிகள் திரும்பி வருபவருக்குத் தந்த தீர்வையில்லா வரம்பு 50,000 ரூபாய். பெட்டியில் கன்சோலோடு ஃபோனும் இருந்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிட்டது. வாரண்டி, வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. கோளாறு வந்தால் அடுத்த லீவு வரை கன்சோல் அலமாரியில் கிடக்க வேண்டியதுதான்.

திறன் கூடிய மாடலுக்காகக் காத்திருப்பது இன்னொரு வகை. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பர் 7 அன்று 699.99 டாலருக்கு வெளியானது: இரண்டு டெராபைட் சேமிப்பிடம், வலுவான படச் செயலி, டிஸ்க் டிரைவ் இல்லை. அந்த வெளியீட்டில் இந்தியா இடம்பெறவில்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை. பணமும் பொறுமையும் இருந்தும் அலைவரிசை விதி குறுக்கே நிற்கும் என்று எந்த வாங்குபவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். பெரிய 4கே டிவி இல்லாத வீட்டில் ப்ரோவின் கூடுதல் வலு கண்ணுக்குத் தெரிவதும் அரிது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் வந்த ‘வெண்பா’ போன்ற கேம்களுக்கு எந்த மாடலின் வலுவும் வேண்டியதில்லை.

முதல் மாடல் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்து, டிஸ்க் ஒழுங்காக ஏறி, கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டியும் நிற்காமலிருந்தால் தயங்காமல் வாங்கலாம். புதிதாக வாங்குபவர் ஸ்லிம் டிஸ்க் மாடலை அடுத்த பண்டிகைத் தள்ளுபடியில் எடுத்துக்கொள்வது போதும். அதற்கு மேல் தள்ளிப்போட இப்போது காரணம் இல்லை. பணம் கொடுக்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் சிஎஃப்ஐ என்று தொடங்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அதன் முதல் இலக்கம் 1 என்றால் பழைய உடல், 2 என்றால் ஸ்லிம். கடைசி இரண்டு இலக்கம் 08 என்றால் இந்தியாவுக்கான சரக்கு, 16 ஐரோப்பாவுக்கானது. பின்னால் வரும் எழுத்து ஏ என்றால் டிஸ்க் உண்டு, பி என்றால் இல்லை. 08 இல்லாத பெட்டியை ஓராண்டு வாரண்டி என்று சொல்லி விற்றால், அந்த வாரண்டி எந்த நாட்டுடையது என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.