மங்கல வாழ்த்தும் மங்கலன் குரலும்

கொங்கு வேளாளர் திருமணத்தில் அருமைக்காரர் சடங்குகளை நடத்த, மங்கல வாழ்த்துப் பாடுவோர் குடிமகன், மங்கலன் எனப்படும் நாவிதர் ஆவர். அப்பாடலைக் கம்பர் வாக்கென்பது செவிவழி மரபு. விரவிவரும் பிற்கால வழக்குச் சொற்களை நோக்குவார் அதனை எளிதின் உடன்படார். எனினும், ஆசிரியர் யாவர் என்னும் வினாவோடு ஆராய்ச்சி அமைதல் சாலாது. பாடுவோர் யாவர் என்பதும் வினாவே.

அதியமான்கோட்டையில் நின்று இதனை எண்ணுவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் வாழ்த்தினார், பரிசில் நீட்டித்தபொழுது வாயிலோனை விளித்துச் சினந்தும் பாடினார் (புறம். 206). புகழ்ந்த நாவே இடித்துரைக்கவும் உரிமை பெற்றிருந்தது. மங்கலனுக்கோ வாழ்த்தும் உரிமை மட்டுமே உண்டு. தன் குறை கூறும் இடம் அப்பாட்டில் இல்லை. மணப்பந்தலில் பாடுவதே பெருமையன்றோ எனின், பெருமையே. ஆயின் அது பந்தலளவில் நின்ற பெருமை.

பிற நாட்டுச் சான்று ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து நாட்செசு நகரில் வாழ்ந்த கறுப்பின நாவிதர் வில்லியம் சான்சன் (1809–1851). அடிமையாய்ப் பிறந்து 1820இல் விடுதலை பெற்ற இவர், 1835 முதல் இறக்குங்காறும் எழுதிய நாட்குறிப்பு 1951இல் நூலாயிற்று. வெள்ளையர்க்கு மழித்துப் பொருளீட்டிய இவர் தாமும் அடிமைகளை வைத்திருந்தார். இவர் சுட்டுக் கொல்லப்பட்டபொழுது, கண்டோர் கறுப்பர் ஆதலின் அவர்தம் சான்று வெள்ளையர்க்கு எதிராகச் செல்லவில்லை. தன்னை வெள்ளையன் என்று கூறிக்கொண்டவன் தப்பினான். நம் ஊர்களிலும், மேல்நிலையினரால் தாழ்த்தப்பட்ட நாவிதரே ஊர்க்கட்டுப்பாட்டிற்கு அஞ்சித் தம்மினும் ஒடுக்கப்பட்டோர்க்கு முடிதிருத்த மறுத்ததுண்டு. ஒடுக்குமுறையின் கொடுமை, ஒடுக்கப்பட்டாரையே அதன் கருவியாக்குதல்.

தமிழில் அக்குடியின் சொந்தக் குரலாய் எழுந்தது கலைவாணன் இ.எம்.எஸ். இயற்றிய 'ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்'. பிறரை இழித்தற்கு வழங்கும் சொல்லே ஈண்டுத் தலைப்பாயிற்று. நாள்தோறும் கையாளும் பொருளின் பெயர் நாவிதர்க்கு வசையன்று, தொழிற்சொல். அதனை நாணாது நூலின் முகப்பில் நிறுத்தியமை, வசையை வைதவரிடமே திருப்பித் தருதல் ஆகும். வாழ்த்துப்பாட்டில் இடம்பெறாத குறை இங்கு இடம் கொண்டது.

ஆதலின், மங்கல வாழ்த்தைத் திரட்டுவோர் பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு மீளுதல் கூடாது. பாடிய முதியவரை அமரச்செய்து, அவர்தம் வாழ்வையும் அவர் சொல்லிலேயே கேட்டு எழுதுதல் வேண்டும். பாட்டைக் கொண்டு பாடினாரை விடுத்தல் ஆராய்ச்சிக்கு அறம் அன்று.