நான்கு வட்டங்களும் ஒரு விலக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் 'மாவட்டம் கள்ளக்குறிச்சி' என்று தேடினால் ஒரு வரிசைகூட வராது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து அந்த மாவட்டம் நடைமுறைக்கு வந்தது 2019 நவம்பர் 26இல். அதன் ஊர்கள் பழைய பட்டியலில் செஞ்சி, திண்டிவனம், வானூர் ஊர்களோடு கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பழுதில்லாமல் பிரித்தெடுக்க எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் எழுதும் வினவலில் ரசிக்க நிறைய இருக்கிறது.

முதல் அடி எளிது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் என்ற நான்கு வட்டங்களை, எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையில் வைத்தால் வெள்ளிமலை உள்ளிட்ட கல்வராயன் மலை ஊர்களும் வந்துவிடும்.

ஊர் தெரிந்தவர் அதோடு நிறுத்தமாட்டார். அன்று திருக்கோவிலூர் வட்டத்தில் இருந்த கண்டாச்சிபுரம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் தனி வட்டம். இப்படி விழுப்புரத்திலேயே தங்கிவிட்ட ஊர்களை நீக்கியாக வேண்டும்.

நீக்குவதில்தான் கைநேர்த்தி தெரியும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் என்பதால் தேர்ந்தவர் பெயரை நம்பாமல், கணக்கெடுப்பு தந்த ஆறு இலக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்வார். விலக்க வேண்டிய குறியீடுகளைப் பட்டியலிட்டு 'நாட் இன்' போடலாம். ஆனால் பட்டியலில் ஒரே ஒரு இடம் 'நல்' ஆக, அதாவது வெற்றாக இருந்தால் விடையில் ஒரு ஊரும் மிஞ்சாது. எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் தவிர 'தெரியாது' என்ற மூன்றாம் நிலையும் உண்டு. வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது அதுதான். 'வேர்' உண்மையை மட்டுமே உள்ளே விடும். பிழைச் செய்தியும் வராது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' அப்படியல்ல. இந்தக் குறியீடு பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஊருக்கும் தனியே பார்க்கிறது. வெற்றிடம் எதோடும் பொருந்தாததால் நல்ல ஊர்கள் தப்பிக்கின்றன.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஊர்ப் பட்டியலோடு பள்ளிப் பட்டியலை, இணை இல்லாத ஊரையும் விட்டுவிடாத 'லெஃப்ட் ஜாயின்' வழியாக இணைத்து, 'உண்டு உறைவிடப் பள்ளி மட்டும்' என்ற நிபந்தனையை 'வேர்' பகுதியில் எழுதினால் அத்தகைய பள்ளி இல்லாத மலை ஊர்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். திட்டமிடுபவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்த ஊர்களே. அதே நிபந்தனையை இணைப்பின் 'ஆன்' பகுதிக்கு நகர்த்தினால் ஊர் நிற்கும், பள்ளிக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒரு வரியின் இடமாற்றம்தான். விடை அடியோடு மாறுகிறது.

கல்வராயன் மலை முழுவதும் வேண்டுமென்றால் மாவட்ட எல்லையையும் தாண்ட வேண்டும். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2011 பட்டியலில் அதை ஆத்தூர் வட்டத்தில் தேட வேண்டும். அதை 'ஆர்' போட்டுச் சேர்க்கும்போது, 'ஆண்ட்' முந்திக்கொள்ளும் என்பதால், கைதேர்ந்தவர் இரண்டு மாவட்ட நிபந்தனைகளையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.