நாளுக்கு முன்பணம், தட்டுக்கு முன்பணம்

சித்தூரில் ஒரே கல்யாண மண்டபத்துக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் போட்டி போடுகின்றன. 1911இல் வட ஆற்காட்டின் தாலுகாக்களையும் சேர்த்து உருவான மாவட்டம் இது. 1953இல் ஆந்திரத்தோடு போன பிறகும் தமிழ்க் குடும்பங்கள் இங்கேயே வேரோடி இருக்கின்றன. தெலுங்குக்காரர்கள் ஆஷாடத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், தமிழர்கள் ஆடியில் வைக்கமாட்டார்கள். இரண்டும் முழுசாகப் பொருந்துவதில்லை. சிராவணம் பிறந்ததும் தெலுங்கு வீடுகளில் மேளம் கொட்டத் தொடங்கும்போது தமிழ் வீடுகள் ஆவணிக்குக் காத்திருக்கும். இதற்கிடையில் சுக்கிரனோ குருவோ சூரியனுக்கருகில் மறையும் மூடம் வந்துவிட்டால் முகூர்த்தமே இல்லாமல் நாட்கள் கழியும். மிஞ்சுகிற நல்ல நாட்கள் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். அதனால் இங்கே மண்டபக்காரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், முதலில் அந்த நாளின் விலை.

சித்தூர், திருப்பதி வழக்கம் நமக்குப் பழகியதுதான். முதல் நாள் சாயங்காலம் சாவி கைக்கு வரும், மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து ஒப்படைக்க வேண்டும். ரிசப்ஷனும் முகூர்த்தமும் அதற்குள் அடங்கிவிடும். சமையல்காரர் வேறு, பந்தல்காரர் வேறு, பூக்காரர் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்வான்ஸ். மண்டபத்துக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு தேவையில்லை. கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி ஆகியவற்றை மட்டும் கடைசியில் கழித்துக்கொள்வார்கள்.

கொழும்பில் கணக்கே வேறு. நட்சத்திர ஹோட்டல் வரவேற்பு என்றால் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று விலை. குறைந்தது இத்தனை பேருக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பகல் விருந்து ஒரு குடும்பத்துக்கு, இரவு விருந்து இன்னொரு குடும்பத்துக்கு என்று அதே கூடத்தை ஒரே நாளில் இரண்டு முறை கொடுப்பார்கள். முற்பணம் கட்டும்போது நாள் உறுதியாகும். விலை பெரும்பாலும் உறுதியாவதில்லை. பம்பலப்பிட்டியின் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் போன்ற இடங்கள் இந்த ஹோட்டல்களைவிட நம் ஊர் மண்டபங்களுக்கு நெருக்கமானவை. ஆனால் நடுத்தர வர்க்கத்தின் ஆசை ஹோட்டல் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

விலை உறுதியாகாத முற்பணம் என்ன செய்யும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த இலங்கை நாணயம், மே மாதத்துக்குள் 360 வரை சரிந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணி நேரம். முந்தைய ஆண்டு பேசிய தட்டு விலைக்கு எந்த ஹோட்டலாலும் விருந்து கொடுத்திருக்க முடியாது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வரியும் சும்மா இருக்கவில்லை. 2022 மே வரை 8 விழுக்காடாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு முற்பணம் கட்டிய குடும்பம், பேசியதைவிட வெகு அதிகமாகக் கொடுப்பதா, முற்பணத்தை விட்டுவிட்டு விலகுவதா என்ற இக்கட்டில் நின்றது. விலையை உயர்த்தும் உரிமை ஒரு தரப்புக்கு இருந்தால், அப்படி உயரும்போது முற்பணத்தைத் திரும்பப் பெற்று விலகும் உரிமை மறு தரப்புக்கும் இருக்க வேண்டும். இதைத்தான் நான் நியாயம் என்று கருதுகிறேன்.

நம் பக்கத்தில் அந்தச் சோதனை 2020இல் வந்தது. மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியது. பிறகு கல்யாணத்துக்கு அனுமதி கிடைத்தபோது 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். ஆயிரம் பேருக்குப் பிடித்த மண்டபத்தில் ஐம்பது பேர் எதற்கு? ‘வேறு தேதி தருகிறோம், பணம் திரும்பாது’ என்பது பரவலாகக் கேட்ட பதில். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56ஆம் பிரிவு. செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. சிங்கப்பூர் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. 2020 ஏப்ரலிலேயே தனிச் சட்டம் இயற்றி, தொற்றால் நடத்த முடியாமல் போன விழாக்களின் முன்பணத்தை உடனே பறிமுதல் செய்வதைத் தடுத்து, தகராறைத் தீர்க்க மதிப்பீட்டாளர்களையும் அமர்த்தியது. சித்தூரிலோ கொழும்பிலோ அத்தகைய ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனையோ கசப்பு தவிர்ந்திருக்கும்.

குடும்பமே கல்யாணத்தை நிறுத்தினால்? அங்கேயும் மண்டபக்காரர் முழு அட்வான்ஸையும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் ஏற்கிறது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நட்டமே இல்லாத இடத்தில் முன்பணத்தைப் பறிப்பதை ஏற்கவில்லை. நீங்கள் விட்ட அதே முகூர்த்தத்துக்கு மண்டபம் வேறொருவருக்குப் போயிருந்தால், மண்டபக்காரருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மிகையான காப்புத்தொகை கேட்பதையே நேர்மையற்ற ஒப்பந்தத்தின் அடையாளமாகச் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு.

திருமலையில் அறை எடுத்தவர்களுக்கு ஒரு நல்ல நடைமுறை தெரிந்திருக்கும். வாடகை தனி, காஷன் டெபாசிட் தனி. அறையைக் காலிசெய்தால் டெபாசிட், பணம் கட்டிய கணக்குக்கே திரும்பிவிடும். மலைமேல் கல்யாண வேதிகையில் தேவஸ்தானம் இலவசமாகவே திருமணம் நடத்தி வைக்கிறது. மலையடிவாரத்துத் தனியார் மண்டபங்கள் இந்தப் பிரிப்பையாவது பின்பற்றலாம். வாடகையின் ஒரு பங்காக வாங்குவது எவ்வளவு, நாளைப் பிடித்து வைத்ததற்கு எவ்வளவு, சேதத்துக்குப் பிணையாக எவ்வளவு என்று மூன்றையும் ரசீதில் தனித்தனியே எழுத ஐந்து நிமிடம் ஆகாது. வரிச் சட்டமே அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. வாடகை அட்வான்ஸுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டை வாடகையில் கழிக்காதவரை அதற்கு வரி இல்லை. ரசீதில் மொத்தமாக ‘அட்வான்ஸ்’ என்று ஒரே தொகையை எழுதி வாங்கினால், தகராறு வரும்போது எது எதற்கு என்று நிரூபிக்கும் சுமை பெண்வீட்டார் தலையில் விழுகிறது.

ரசீதில் யார் பெயர் என்பதையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணம் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும். ஊரிலிருக்கும் சித்தப்பா போய்க் கட்டுவார், பற்றுச்சீட்டு அவர் பெயரில் இருக்கும். சித்தூரில் பெண்ணின் அப்பா ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, முத்திரை இல்லாத துண்டுச் சீட்டோடு வீடு திரும்புவார். கல்யாணம் நல்லபடி நடந்தால் இது எதுவும் தெரியவராது. தள்ளிப்போனால், யாழ்ப்பாணத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கச் சித்தப்பாதான் போகவேண்டும், சித்தூரிலோ கேட்கக் கையில் ஆதாரமே இருக்காது.