நோண்ட ஒன்று, எழுத ஒன்று

லினக்ஸா விண்டோஸா என்று சண்டை போடும் நம் எழுத்தாளர்கள் கேட்காத கேள்வி: இன்று எழுதிய கதை இருபது வருஷம் கழித்துத் திறக்குமா?

1990களில் தெலுக் இந்தானிலிருந்து அனுப்பிய கதை, அதே எழுத்துரு இல்லாத கோலாலம்பூர் கணினியில் வெறும் கிறுக்கல்தான். 1999இல் சென்னைத் தமிழ் இணைய மாநாடு டாம், டாப் குறிமுறைகளை முன்வைத்தும் குழப்பம் தீரல. யூனிகோடு பரவிய பிறகே வழி பிறந்தது.

லினக்ஸைத் தாராளமா நோண்டுங்க. கெட்டுப்போனா திரும்பப் போட்டுக்கலாம். ஆனால் நாவல் இருக்கிற கணினியில் வேண்டாம். கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் கற்க வேண்டியது திறந்த கோப்பு வடிவம். அதில் சேமித்தால், எழுதுவதற்குக் கைக்குப் பழகிய எந்தத் தளமும் போதும்.