தளர்வைத் தேடும் கை

மாருதி ஜிப்ஸி ஓட்டியவர்களிடம் அந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. சாலை நன்றாகத்தான் இருக்கும், வண்டி 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், பாலத்தின் இணைப்பில் ஒரு சக்கரம் லேசாகத் தட்டும். மறுநொடி ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமுமாகத் துடிக்கும்; முன்பக்கமே கழன்று விழுந்துவிடும்போல அதிரும். காலை எடுத்து, வேகத்தை மெல்ல மெல்ல இறக்கி, வண்டி கிட்டத்தட்ட ஊரத் தொடங்கும்போதுதான் அடங்கும். அமெரிக்காவில் ஜீப் வைத்திருப்பவர்கள் இதற்கு ‘டெத் வாபிள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்கிற வேலையைப் பொதுவாக யாரும் கலை என்று சொல்வதில்லை. கிரீஸ் படிந்த கையால் செய்வது என்பதாலோ என்னவோ. ஆனால் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியத்துக்கும், தட்டிப் பார்த்து மிருதங்கத்துக்குச் சுதி சேர்ப்பதற்கும் நாம் தருகிற மதிப்பை இதற்கும் தரவேண்டும் என்றே நினைக்கிறேன். இதன் நுட்பம் பாகத்தை மாற்றுவதில் இல்லை. ஆட்டத்தைத் தூண்டியது எது, அந்தத் தூண்டலைத் தாங்காமல் தளர்ந்திருந்தது எது என்று இரண்டையும் பிரித்துக் காண்பதில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறியாத பட்டறையில்தான் ஒரே வண்டி மாதாமாதம் திரும்பி வருகிறது.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு இணைத்திருக்கும் வண்டிகளில்தான் இந்த நோய் இவ்வளவு முற்றுகிறது. பம்பரம் விட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: சுழலும் பம்பரத்தை விரலால் தள்ளினால் அது தள்ளிய பக்கமே சாய்ந்துவிடாது, குறுக்கே விலகித் தலையைச் சுற்றும். ஓடும் சக்கரமும் பம்பரம்தான். ஒரு சக்கரம் மேடேறினால் அந்தத் தண்டு, அதாவது ஆக்ஸில், சாய்கிறது. அது சாய்ந்தால், சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு சக்கரங்களும் குறுக்கே திரும்பப் பார்க்கின்றன. திரும்பிய சக்கரங்கள் ஆக்ஸிலை மறுபக்கம் சாய்க்கின்றன. சாய்வு திருப்பலை வளர்க்க, திருப்பல் சாய்வை வளர்க்க, ஒரு சிறு தட்டல் சங்கிலியாக நீள்கிறது. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பெரிய டயர்களும் முன்சக்கர பிரேக்கும் வந்தபோது சாதாரணக் கார்களே இப்படி ஆடின. அந்நாளில் பிரபலமாக இருந்த தோள் குலுக்கும் நடனத்தின் பெயரையே இதற்கும் சூட்டி ‘ஷிம்மி’ என்றார்கள். 1925-இல் ஜார்ஜ் புரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில்தான், திரும்பும் டயர் தான் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு கோணத்தில் நழுவுகிறது என்ற கருத்து பிறந்தது. இன்றைய வாகன இயக்கவியல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி போன்றவர்கள் பாடுபட்டதன் பயனாக, 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் அமைப்புக்கு மாறின. மென்மையான ஸ்ப்ரிங்கும் ஒரே தண்டும் சேர்ந்தால் ஷிம்மியை அடக்க முடியவில்லை என்பது அந்த மாற்றத்துக்கு முக்கியமான காரணம்.

அப்படியிருக்க ஆஃப்-ரோடு வண்டிகள் ஏன் அந்தத் தண்டை விடவில்லை? ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மறு சக்கரத்தை அது பள்ளத்துக்குள் அழுத்திக்கொடுக்கிறது, நடுவில் உள்ள கியர் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஸ்ப்ரிங் அமுங்கினாலும் குறைவதில்லை, அடி தாங்குகிறது. 1985-இல் இந்தியாவுக்கு வந்து, 30 ஆண்டுகளுக்கும் மேலாக ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் மலைக்காட்டுப் பயணிகளுக்கும் உழைத்த ஜிப்ஸி கடைசிவரை முன்னும் பின்னும் பட்டை ஸ்ப்ரிங்கோடும் ஒரே தண்டோடும்தான் ஓடியது. சுஸுகியின் ஜிம்னி இன்றும் அதே தண்டை வைத்திருக்கிறது, பட்டைக்குப் பதில் சுருள் ஸ்ப்ரிங்கோடு. ஆகவே ஆட்டம் இந்த வண்டிகளின் பிறவிக் குணம். அதைத் தூங்க வைத்திருப்பது பாகங்களுக்கு இடையே உள்ள இறுக்கம் மட்டுமே.

இதை ஏற்றுக்கொண்டால் முதல் சாட்சியத்தைச் சரியாகக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் வண்டியைத் தூக்குவதற்கு முன் ஓட்டுநரிடம் கேட்பது இரண்டே கேள்வி: எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது? ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 668 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 8 முறை சுற்றுகிறது, 80-இல் பத்தரை முறை. சமநிலை கெட்ட டயர் சுற்றுக்கு ஒருமுறை உதைக்கும். அந்த உதையின் வேகம் ஆக்ஸிலின் இயல்பான துடிப்போடு ஒத்துப்போகும் இடத்தில் நடுக்கம் எழும். அதைத் தாண்டி ஓட்டினால் குறையும். 60-இல் நடுங்கி 75-இல் அடங்கிவிடும் வண்டியின் சாட்சியம் இது, இங்கே குற்றவாளி பெரும்பாலும் டயரோ வளைந்த ரிம்மோதான். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டினாலே தெரிந்துவிடும். ஆனால் ஒரு தட்டலில் ஆரம்பித்து, ஆரம்பித்த வேகத்துக்கு வெகு கீழே வந்த பிறகும் ஓயாத ஆட்டம் வேறு இனம். அது வெளியிலிருந்து உதை வாங்கி ஆடவில்லை, வண்டியின் ஓட்டத்திலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு தானே தன்னை வளர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது இனத்துக்கு டயர் பேலன்ஸ் செய்து அனுப்புவதுதான் மிகப் பரவலான தவறு. தூண்டல் குறைந்ததால் சில வாரம் ஆடாது. குணமாகிவிட்டதாக எல்லோரும் நம்புவார்கள். ஒரு டயரின் ஓரம் தேய்ந்ததும் பழையபடி தொடங்கும். தளர்வு அங்கேயே இருந்ததே!

அந்தத் தளர்வைத் தேடும் முறைதான் இந்தக் கலையின் நெஞ்சு. வண்டி தன் எடையோடு தரையில் நிற்க வேண்டும், ஜாக்கி போடக்கூடாது. ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறுசிறு அசைவாக ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் விரல் ஒன்றிலும் உள்ளங்கை மற்றொன்றிலும் பட வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ப்ளேவும் ‘டக்’கென்று கைக்குச் சொல்லிவிடும். டை ராடு எண்டு, டிராக் லிங்க் முனை, ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், பட்டையின் புஷ்கள், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள், யு-போல்ட் என்று வரிசையாகப் போக வேண்டும். ஜிம்னியிலும் சுருள் ஸ்ப்ரிங் வந்த பிறகான ஜீப்புகளிலும் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு ஒன்று இருக்கும். அதன் போல்ட் துளை வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று பார்ப்பது பலர் மறக்கும் இடம். பிறகுதான் ஜாக்கி. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கினால் ஆட்டம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வீல் பேரிங்கிலா, சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னிலா? மிக எளிய ஒரு யுக்தி இதைச் சொல்லிவிடும்: உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கிக் கிங்பின்னில் திரும்பும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன; அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். ஒரு கருவியும் இல்லாமல், கால் மிதியை மட்டும் வைத்து, இரண்டு சந்தேகங்களில் ஒன்றை விலக்கிவிடும் இந்த நேர்த்தியை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஜிப்ஸியில் பெரும்பாலும் தேடல் போய் நிற்கும் இடம் கிங்பின் பேரிங். பக்கத்துக்கு மேலொன்று கீழொன்றாக நான்கு இருக்கின்றன. நக்கிளின் பெரிய ஆயில் சீல் கிழிந்து ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்தால் இவை துருவேறும். அதைவிட நுட்பமான சேதம் ஒன்று உண்டு. இவை சாதாரண பேரிங்கைப் போல முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. வண்டி நேராகப் போகும் நேரமே அதிகம் என்பதால் உருளைகள் ஒரே இடத்தில் நின்றபடி அடி வாங்கி, வளையத்தில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடுகின்றன. கிங்பின்னுக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்தால் பேரிங் இறுகும், ப்ளே போய்விடும். சேதம் இல்லாத பேரிங்கில் அதுவே போதுமான வைத்தியம். பள்ளம் விழுந்த பேரிங்கை அப்படி இறுக்கினால் நேராக நிற்கும்போது மட்டும் சரியாகி, திருப்பும்போது பிடிக்கும். எனவே டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிளை வெறும் கையால் மெதுவாகத் திருப்பி, நடுவில் அது ஒரு குழியில் உட்காருகிறதா என்று உணர வேண்டும். உட்கார்ந்தால் மாற்று, வழுக்கிக்கொண்டு போனால் ஷிம்மை மட்டும் தொடு. பிறகு நக்கிளின் கையில் ஸ்ப்ரிங் தராசு ஒன்றை மாட்டி, அது நகரத் தொடங்க எவ்வளவு இழுவிசை வேண்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள். கைப்புலன் சொன்னதை எண் ஒன்று சரிபார்க்கும் இடம் அது.

வண்டியை உயர்த்திக் கட்டுபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுபோலக் கிங்பின்னும் சாய்ந்திருக்கிறது. காஸ்டர் என்ற அந்தச் சாய்வுதான் விட்ட ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவருகிறது. ஜிப்ஸியில் முன் பட்டையின் முன்முனையில் ஷேக்கிள் இருப்பதால், நீளமான ஷேக்கிள் போட்டுத் தூக்கினால் ஆக்ஸில் முன்னோக்கி உருண்டு காஸ்டர் குறைகிறது, வண்டி தடுமாறி அலைகிறது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே ஆப்பு கியர் உருண்டையின் மூக்கைக் கீழே தாழ்த்தி ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தைக் கெடுக்கும். காஸ்டர் கூடக் கூட நல்லது என்பதும் பிழையான நம்பிக்கை: அளவு மீறினால் சக்கரம் நடுவுக்கு வரும் வேகத்திலேயே நடுவைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடி தாண்டும். எவ்வளவு ஆப்பு என்பதை இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, ஒரு ஸ்டியரிங் டேம்பர் மாற்றினால் போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2019-இல் ஜீப் ராங்ளரின் புதுத் தலைமுறைக்கு இப்படிப்பட்ட புகார்கள் வந்தபோது நிறுவனமே புதிய டேம்பரைத்தான் இலவசமாகப் போட்டுக்கொடுத்தது. மற்ற இணைப்புகள் இறுக்கமாக இருக்கும் புது வண்டியில் டேம்பர் ஒன்றே குறை என்றால் அது சரியான மருந்து. பத்தாண்டு ஓடிய வண்டியின் நிலை அப்படியில்லை. டேம்பர் செய்வது அதிர்வின் சக்தியை எண்ணெயில் கரைப்பது. கிங்பின்னின் தளர்வை அது எடுத்துவிடாது, அந்தத் தளர்வு எழுப்பும் ஓசையை மட்டும் மூடும். மூடிய ஓசைக்கு அடியில் தேய்மானம் வளரும். வளர்ந்து டேம்பரின் சக்தியையும் மீறும் நாளில் ஆட்டம் முன்பைவிடப் பெரிதாக வரும். ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்குவதும் இதே வகைதான்: பாக்ஸ் நடுநிலையில்தான் மிக இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது, அதற்கு மேலும் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் தானாகத் திரும்புவது நின்றுபோகும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஆளின் கூலியும் நேரமும் சேர்ந்தால், தேடுவதைவிட எல்லா முனைகளையும் பேரிங்குகளையும் புஷ்களையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது மலிவாகாதா? சில வண்டிகளுக்கு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் மாற்றுபவருக்கு எது தளர்ந்திருந்தது என்று கடைசிவரை தெரியாது. கோளாறு முட்டைத் துளையிலோ சேஸிஸில் விட்ட விரிசலிலோ இருந்தால், பெட்டி பெட்டியாகப் புதுப் பாகம் போட்ட பிறகும் வண்டி ஆடும். புது பேரிங்கும் ஷிம் அளக்காமல் போட்டால் பழையதைப் போலவே தளர்ந்து நிற்கும். தவிர, இந்த ஆட்டம் பெரும்பாலும் ஒரே பாகத்தின் குற்றமில்லை. அங்கே அரை மில்லிமீட்டர், இங்கே கால் மில்லிமீட்டர் என்று தனித்தனியே மன்னிக்கத்தக்க தளர்வுகள் கூடி ஓர் எல்லையைத் தாண்டுகின்றன. எதை எடுத்தால் கூட்டுத்தொகை எல்லைக்குள் வரும் என்று மதிப்பிடுவதற்குத் தேடியவருக்கு மட்டுமே தகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் இயந்திரமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. அது நிற்கும் வண்டியின் கோணத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஓடும்போது அந்தக் கோணம் எவ்வளவு அலைபாயும் என்பது அதன் திரையில் வராது. தளர்வு போன வண்டியில், டயரின் நடுவில் ஆணியால் கோடிழுத்து முன்னும் பின்னும் நாடா வைத்து அளந்தே, முன்சக்கரங்கள் சற்று உட்பக்கம் திரும்பி நிற்கும் அளவான டோ-இன்னைச் சரியாக வைத்துவிடலாம், ஏனென்றால் வைத்த அளவு வைத்த இடத்தில் நிற்கும்.

வேலை முடிந்ததா என்று பார்ப்பதிலும் ஒரு நேர்மை உண்டு. தேர்ந்த மெக்கானிக் எல்லாம் பூட்டி முடித்தும் டேம்பரை மட்டும் மாட்டாமல் வைத்திருப்பார். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் குறைந்த வேகத்தில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, முதலில் ஆட்டம் எழுந்த அதே மாதிரி இணைப்பின் மேல் சக்கரத்தைத் தட்டவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார். அது ஒருமுறை அசைந்து தானாக நடுவுக்கு வந்து நின்றால் பட்டறைக்குத் திரும்பி, டேம்பரை மாட்டி, சாவியைக் கொடுப்பார்.